சனாயே கொடுத்த காமிரா

ரிஷிரித் தீவுக்குப் போய் ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பி வந்த பிறகுதான், இரண்டாவது காமிரா ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும் என்று சிஸுருவுக்குத் தோன்றியது. போன குளிர்காலத்தில் நடந்தது அது. மலையைச் சுற்றி மேகம் விலகிய அந்தக் காலையில் ஷட்டர் விழ மறுத்துவிட்டது. பேட்டரியை மாற்றினாள், கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றினாள், கெஞ்சிக்கூடப் பார்த்தாள். மலை தன் முழு அழகையும் காட்டிவிட்டு மறுபடி மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டது. சிஸுரு கப்பல் ஏறித் திரும்பினாள்.

சப்போரோவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மதிய உணவுக்கு அவள்தான் பொறுப்பு. எந்த நாளைக்கு என்ன சமைப்பது, எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பதெல்லாம் அவள் தலையில். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டால் போதும், காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளுடையது அகலமான ஃபிலிம் சுருள் போட்டு எடுக்கும் மீடியம் ஃபார்மட் காமிரா. ஒரு சுருளில் பத்துப் படம்தான் விழும். ஆனால் விழுந்த படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் மீன் செதிலில் ஒட்டிய பனித்துகள் தனித்தனியாகத் தெரியும். அதற்காகத்தான் அந்தக் கனத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள்.

இந்தக் குளிர்காலத்துப் பயணம் மற்றவற்றைப் போல இல்லை. சப்போரோவில் சிறிய கண்காட்சிக்கூடம் ஒன்று வசந்தத்தில் அவளுக்கு இரண்டு வாரம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் படங்களுக்கென்றே ஒரு சுவர் கிடைப்பது இதுதான் முதல் தடவை. கிழக்கே ஃபூரென் ஏரியில், உறைந்த பனிக்கட்டிக்கு அடியில் வலை போட்டு மீன் பிடிக்கிறவர்களை எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கிளம்ப அவளுக்கு இருந்தது ஜனவரி விடுமுறை மட்டுந்தான். அதில் காமிரா படுத்துவிட்டால் சுவர் வெறுஞ்சுவர்தான்.

தனுகிகோஜிக் கடைத்தெருவில் பழைய காமிரா விற்கும் கடைக்கு நவம்பர் முழுக்க நடந்தாள். கடைக்காரர் பொறுமைசாலி. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மடித்துப் பையில் போட்டுக்கொள்கிற பழைய காமிரா ஒன்று கனமே இல்லை, ஆனால் அதன் துருத்தித்தோல் குளிரில் விறைத்து மடிப்பில் கிழியும் என்று அவரே சொன்னார். டிஜிட்டலில் பெரிய சென்ஸார் வைத்தது ஒன்று இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு அவள் அதைத் தொடவே இல்லை. மேலும், ஃபிலிமில் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்காது. கடைசியில் அவள் மனம் போய் நின்றது தன் காமிராவைப் போலவே இன்னொன்றில்தான். லென்ஸ் மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம், கைக்குப் பழக்கமானது, யோசிக்கவே வேண்டாம். ஆனால் கடையில் அது இல்லை. எப்போது வரும் என்று கடைக்காரராலும் சொல்ல முடியவில்லை.

அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஓட்டாருவில், கோஹெய் வீட்டில்.

கோஹெய் அவளுடைய பழைய கணவன். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சம்பளத்தைச் சேர்த்து ஒரே மாதிரி இரண்டு காமிரா வாங்கினார்கள். சேர்ந்தே ஊர் சுற்றினார்கள், சேர்ந்தே சண்டை போட்டார்கள். பிரிந்தபோது ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவன் ஓட்டாருவில், குழம்பைச் சூப்பாக ஊற்றித் தரும் சூப் கறிக் கடை வைத்தான், சனாயே என்ற நர்ஸைக் கட்டிக்கொண்டான். சிஸுரு அவளை ஒரே ஒரு முறை, தெருமுனையில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது எதிர்ப் பக்கத்தில் பார்த்திருந்தாள். சிக்னல் மாறும் முன்பே திரும்பி வேறு தெருவில் நடந்துவிட்டாள். அதிலிருந்து ஓட்டாருப் பக்கமே போவதில்லை. சிஸுருவின் மனதுக்குள் சனாயேக்கு "அந்தப் பொண்ணு" என்றுதான் பெயர்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியக் கூட்டம் வடியும் நேரமாகப் பார்த்து, சிஸுரு அந்தக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கோஹெய்க்கு முடி கொட்டி, தொப்பை போட்டிருந்தது. கரண்டியும் கையுமாக வெளியே வந்தான்.

"ஒம்போது வருஷம் ஆச்சு. பசிச்சு வந்தியா, எதையாவது திருப்பி வாங்கிட்டுப் போக வந்தியா?"

"ரெண்டுக்குந்தான். முதல்ல சோறப் போடு."

கோழிக்காலும் கத்தரிக்காயும் மிதக்கிற சூப்பைக் கொண்டுவந்து வைத்தான். காரம் அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அவன் மறக்கவில்லை. அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தாள். பிறகு ரிஷிரியைச் சொன்னாள், ஏரியைச் சொன்னாள், அந்த இன்னொரு காமிராவை ஒரு மாதத்துக்கு இரவல் தருவாயா என்று கேட்டாள். கேட்கும்போது காது சூடேறியது.

கோஹெய் கரண்டியால் சமையல்கட்டுப் பக்கம் காட்டினான்.

"அதோ நிக்குது பாரு, பெரிய அடுப்பு. காமிராவ வித்துத்தான் அந்த அடுப்ப வாங்கினேன். உன் காமிராவோட தம்பி இப்பத் தெனம் ஊருக்கே குழம்பு காய்ச்சிக்கிட்டிருக்கான்."

வந்த வழியே போய்விடலாமா என்றிருந்தது சிஸுருவுக்கு. ஆனால் கோஹெய் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அந்தப் பழைய காமிராவைப் பற்றிப் பேச ஆள் கிடைத்து வெகு காலம் ஆகியிருக்க வேண்டும். அது இருந்திருந்தாலும் அவளுக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்றான். அவள் காரணம் கேட்டாள்.

"ஒண்ணு எதுல சாகுதோ இன்னொண்ணும் அதுலயேதான் சாகும். அதே பேட்டரி, அதே சர்க்யூட், அதே குளிரு. ரெண்டத் தூக்கிட்டுப் போய் ரெண்டுக்கும் ஒண்ணா கருமாதி பண்ணிட்டு வருவ. நாம குடும்பம் நடத்தல? அந்த மாதிரிதான். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கோவம் வரும். சமாதானம் பண்ண மிச்சம் ஒரு ஆள் இருக்காது."

சிஸுரு சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், முடியவில்லை. சரி, அப்படியானால் எதைத்தான் எடுத்துப் போவது என்று கேட்டாள். பேட்டரியே இல்லாதது, முழுக்க முழுக்க இரும்பும் கண்ணாடியுமாக இருப்பது, ஆனால் அதே அகல ஃபிலிம் போடுவது என்றான் அவன். அதற்கு இனி எங்கே போவது, கிளம்ப மூன்று வாரம்கூட இல்லை என்றாள் இவள்.

"என்கிட்ட இருக்கு."

சொன்னது சனாயே. பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் லீவு நாளானால் கடைக்கு வந்து ஒத்தாசை செய்வாள் போலிருக்கிறது. மாடிக்குப் போய், ஒரு பழைய கம்பளிக் குல்லாவுக்குள் சுற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ் என்று இரண்டு கண்ணோடு இருக்கும் பெட்டிக் காமிரா. மூலைகளில் கறுப்பு பெயிண்ட் தேய்ந்து பித்தளை தெரிந்தது. வார் அறுந்த இடத்தில் பூட்ஸ் கயிறு கட்டியிருந்தது. லென்ஸ் மூடி தொலைந்துபோனதால் ஜாம் பாட்டில் மூடியை மாட்டியிருந்தாள்.

அதை நர்ஸாகி வாங்கிய முதல் சம்பளத்தில் அடகுக்கடை ஒன்றில் வாங்கினாளாம். ஓட்டாருவின் மேட்டுத் தெருக்களில் காலையில் பனி வாரிக் கொட்டுகிறவர்களைத்தான் எடுப்பாளாம். போன வருஷம் பழைய கிரீஸை எல்லாம் கழுவி எடுக்கச் சொல்லி ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து வாங்கியிருந்தாள். அதனால் குளிரில் ஷட்டர் இறுகாது என்றாள். மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும், இடது வலதாகத் தெரியும், பழக ஒரு நாள் ஆகும்.

"குனிஞ்சு பாக்கறப்ப மூச்ச ஓரமா விடுங்க, சிஸுரு-சான். நேரா விட்டீங்கன்னா மேல் கண்ணாடி பனி பிடிச்சு ஒண்ணும் தெரியாது. சூடான ரூமுக்குள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டிடுங்க. இல்லன்னா உள்ளல்லாம் வேர்த்துடும்."

சிஸுரு அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சனாயேக்கு வேறு காமிரா இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் எதைக் கொண்டு எடுப்பாள்?

"இதுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகாது. ஆனாலும் ரெண்டு நாள் அழுதுட்டு வேற தேடிக்கிறேன்" என்றாள் சனாயே. பிறகு சற்றுத் தயங்கி, "இவரு உங்களப் பத்திப் பேசினா உங்க படத்தப் பத்தித்தான் பேசுவாரு. வேற எதுவும் சொன்னதில்ல. நான் எடுத்தத யாரும் செவுத்துல மாட்டப் போறதில்ல. இதாவது ஒரு தடவ நல்ல எடத்துக்குப் போய்ட்டு வரட்டுமே" என்றாள்.

பள்ளியில் காய்கறி இறக்குகிறவருக்குக்கூட நாளைக்கு இருபது தடவை நன்றி சொல்கிறவள் சிஸுரு. அன்று அவளுக்கு நாக்கு எழவில்லை. தலையை மட்டும் குனிந்து, குல்லாவோடு காமிராவை எடுத்துக்கொண்டு, பனி விழத் தொடங்கிய தெருவில் இறங்கி ரயிலடிக்கு நடந்தாள். வழியெல்லாம் தன்மேல் எரிச்சலாக வந்தது.

ஃபூரென் ஏரிக் கரையில் கென்சோ என்ற மீனவரின் வீட்டில் தங்க ஏற்பாடு. அட்டோக்கோ ஸ்டேஷனுக்கு அவரே லாரியோடு வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், வார்த்தைக்கு வரி கட்டுகிறவர் மாதிரி பேசுவார். பள்ளிக்கூடத்தில் வேலை என்று யாரோ சொல்லிவிட்டதால் அவளை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிட்டார். நான் சோறு போடுகிறவள்தான் என்று அவள் இரண்டு தடவை திருத்திப் பார்த்தாள், பலிக்கவில்லை. அவர் மனைவி தோகியே அவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

விடிந்ததும் மூன்று பேரும் பனிவண்டியில் ஏரிமேல் போவார்கள். வண்டிக்குப் பின்னால் சறுக்குப் பலகை, அதில் மீன் கூடைகள், ஒரு மரப்பெட்டியில் சிஸுருவின் சாமான்கள். குறிக்கம்பு நட்ட இடத்தில் பனிக்கட்டியை உடைத்துத் துளையைத் திறந்து, வலையின் வாலை இழுத்து மேலே போடுவார்கள். கோமாய் மீன்கள் இரண்டு துள்ளல் துள்ளுவதற்குள் விறைத்துப்போகும். சுற்றிலும் பெரிய கழுகுகள் வந்து இறங்கி, வேண்டாமென்று எறிகிற குஞ்சு மீனுக்காகக் காத்துக் கிடக்கும்.

முதல் இரண்டு நாள் சிஸுருவின் சொந்தக் காமிரா ஒரு குறையும் வைக்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் எண்ணெய் விட்டது போல ஓடியது. கோஹெயின் பெரிய பேச்சை நினைத்து அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனால் படம் வேறு வகையில் சரியாக வரவில்லை. அவள் காமிராவைக் கண்ணுக்குத் தூக்கியதும் கென்சோ விறைத்துப்போவார். கை வேலை செய்யும், முகம் அடையாள அட்டைக்கு நிற்கிற முகமாகிவிடும். தோகியே தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிடுவாள். நீள லென்ஸைப் போட்டுத் தூரப் போய் நின்றும் பார்த்தாள். அப்போதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் காற்று இல்லை. கென்சோ வலையை இழுக்க, அவருக்குப் பின்னால் ஒரு கழுகு இறக்கையை விரித்து இறங்கியது. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று, கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்காமல் சிஸுரு ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓர் அடி. வண்டித்தடத்தை விட்டு விலகாதே என்று முதல் நாளே தோகியே சொல்லியிருந்தாள். இன்னும் ஓர் அடி வைத்ததும் கீழே தரை இல்லை.

போன வாரம் வலை மாற்றிப் போட்ட பழைய துளை அது. மேலே மெல்லிசாக உறைந்து, அதன்மேல் பனி தூவிக் கிடந்தது. இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறியதும் அவளுக்கு மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இரண்டு கையையும் விரித்து விளிம்பைப் பிடித்தாள். பிடிக்க வேண்டுமானால் கையிலிருந்ததை விட வேண்டும். காமிரா தண்ணீருக்குள் போகும் சத்தத்தைக் கேட்டாள். விளிம்பு ஒடிந்தது. மறுபடி பிடித்தாள், மறுபடி ஒடிந்தது.

"அசையாத! கையை மட்டும் விரிச்சு வை!"

தோகியே பனிமேல் குப்புறப் படுத்து, வலை இழுக்கும் கொக்கிக்கம்பை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தாள். அவள் காலைப் பின்னாலிருந்து கென்சோ பிடித்திருந்தார். கொக்கி சிஸுருவின் கோட்டுத் தலைமூடியில் மாட்டியது. "இப்ப நீச்சல் அடிக்கிற மாதிரி காலை உதை" என்றாள் தோகியே. சிஸுரு உதைத்தாள். ஒரு பெரிய மீனை ஏற்றுவது போல அவளை இழுத்து மேலே போட்டார்கள். எழுந்து நிற்க விடாமல், உருட்டிக்கொண்டே தடிமனான பனிக்குக் கொண்டுபோனார்கள்.

கரையில் மீனவர்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகை உண்டு, உள்ளே விறகடுப்பு. கென்சோவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தோகியே அவள் துணியை எல்லாம் உருவி, கம்பளியில் சுற்றி, சூடான மீன் சூப்பைப் பருக வைத்தாள். சிஸுருவின் பல் கிடுகிடுவென்று அடித்தது. நடுக்கம் குறைந்ததும் அவள் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டதுதான். சொன்ன பேச்சைக் கேட்காததற்கு, வேலையைக் கெடுத்ததற்கு, உயிரைப் பணயம் வைக்க வைத்ததற்கு என்று அடுக்கிக்கொண்டே போனாள். தரையில் தலை படக் குனிந்தாள்.

தோகியே கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள்.

"செத்திருந்தா மன்னிப்புக் கேக்கலாம். பொழச்சவ சாப்பிடணும். ம், குடி."

அதற்குப் பிறகுதான் சிஸுரு அழுதாள். சூப்புக்குள் கண்ணீர் விழ விழக் குடித்தாள். காமிரா போனது அப்போது அவளுக்கு நினைவிலேயே இல்லை. இந்தக் கை, இந்தக் கிண்ணம், அடுப்பில் வெடிக்கிற விறகு, இதெல்லாம் எனக்கு மறுபடி கிடைத்திருக்கிறதே என்பது மட்டுந்தான் இருந்தது.

மதியத்துக்கு மேல், கென்சோவும் தோகியேயும் பாதியில் விட்ட வலையை இழுக்கக் கிளம்பினார்கள். மீன் யாருக்காகவும் காத்திருக்காது. நீ அடுப்போரம் படுத்திரு என்றாள் தோகியே. சிஸுரு கேட்கவில்லை, தானும் வருகிறேன் என்றாள். சனாயேயின் காமிரா பனிவண்டியின் மரப்பெட்டியில், கம்பளிக் குல்லாவுக்குள் பத்திரமாக இருந்தது. தோகியேயின் பழைய பேன்ட்டையும் கென்சோவின் கோட்டையும் போட்டுக்கொண்டு, கயிறு கட்டிய மூட்டை மாதிரி அவள் மறுபடி ஏரிமேல் போய் நின்றாள். இந்தத் தடவை வண்டித்தடத்தை விட்டு ஒரு விரல் விலகவில்லை.

அந்தக் காமிராவில் லென்ஸ் மாற்ற முடியாது. தூரப் போய் நின்று இழுத்து எடுக்க வழியில்லை. முகம் வேண்டுமென்றால் கிட்டப் போகத்தான் வேண்டும். வலை வந்து விழுகிற இடத்துக்கே போய் நின்றாள். மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து, மூச்சை ஓரமாக விட்டாள். கண்ணாடியில் ஏரியும் ஆட்களும் இடம் வலம் மாறி, சின்னதாக, தெளிவாக நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. அவள் குனிந்திருந்ததால், யாரோ தங்களை முறைத்துப் பார்ப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. விழுந்து எழுந்தவள் தலைகுனிந்து நிற்கிறாள் என்றுதான் கென்சோ நினைத்தார் போலிருக்கிறது. முகம் தளர்ந்துவிட்டது. அதோடு, புருஷனும் பெண்டாட்டியும் வேறொரு வேலையில் மும்முரமாக இருந்தார்கள். பழைய துளைக்குக் குறிக்கம்பு நடாமல் விட்டது யார் என்ற சண்டை அது.

"நட்டேன்" என்றார் கென்சோ.

"எங்க நட்டீங்க? கனவுலயா?"

"காத்து சாச்சிருக்கும்."

"காத்து சாய்ச்சா கம்பு இங்கதான கெடக்கணும்? அதுக்கென்ன, அதுவும் பஸ் ஏறி நெமுரோவுக்குப் போயிருச்சா?"

கென்சோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முகம் முழுக்கச் சுருங்கி, வாயில் இல்லாத பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். தோகியே வலையின் ஒரு முனையைப் பிடித்தபடி அவரைத் திட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். சிஸுரு எடுத்தாள். பிறகு கென்சோ ஒரு கம்பைக் கொண்டுபோய் அந்தத் துளையோரம் ஆழ அடித்து நட்டதையும், தோகியே தன் சிவப்பு முக்காட்டை அவிழ்த்து அதன் உச்சியில் கட்டியதையும் எடுத்தாள். நரைத்த முடி காற்றில் பறக்க, தோகியே நிமிர்ந்து நேரே அவளைப் பார்த்து, "இதயும் எடுத்தியா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றாள். அதையும் எடுத்தாள். பின்னால் கழுகுகள் வரிசையாக உட்கார்ந்து, கச்சேரிக்கு வந்தவர்களைப் போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. சுருள் தீர்ந்தது. விறைத்த விரலால் அடுத்ததை மாட்டுவதற்குள் உயிர் போய் வந்தது. சனாயே இதைத் தினமும் கையுறையோடு எப்படிச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கென்சோ யாரிடமும் சொல்லாமல் அந்தத் துளைக்குப் போய், கொக்கியை விட்டுத் துழாவியிருக்கிறார். ஏரி அங்கே ஆழமில்லை. பாசி சுற்றிய காமிராவைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"உயிரு போயிருச்சு, டீச்சரம்மா" என்றார், வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர் போல.

இருபது வருஷத்துத் துணை அது. சிஸுரு வாங்கித் துடைத்தாள். உள்ளே இருந்த சுருளில் முந்தின நாள் காலை எடுத்த படங்கள், கடலோடு கலக்கிற அந்த ஏரியின் உப்புத் தண்ணீரில் கரைந்துபோயிருந்தன. துக்கம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது, ஆனால் சின்னதாக வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட்டது.

சப்போரோவுக்குத் திரும்பி ஃபிலிமைக் கழுவி வாங்கிய அன்றைக்கே, மாதிரிப் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டாருவுக்கு ரயில் ஏறினாள். கடையில் வைத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். விழுந்த இடம் வந்ததும் கோஹெய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"குளிரப் பத்தி அவ்வளவு பேசினேன். நீ பின்னாடியே நடந்து போய் விழுவேன்னு தோணல பாரு" என்றான். "எப்பவும் அப்படித்தான நடப்ப. ஓனுமாவுல ஒரு கெழவரோட முள்ளங்கித் தோட்டத்துக்குள்ள போய் உக்காந்தியே." குரல் கேலியாக இருந்தது, கண் அப்படி இல்லை. எழுந்து போய் அவளுக்குச் சூப் ஊற்றினான். ஒன்றுக்கு இரண்டாகக் கோழிக்கால் போட்டான்.

சனாயே படங்களை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கென்சோ சிரிக்கிற படத்தில் நின்றுவிட்டாள்.

"இது என் காமிராவுல விழுந்ததா?"

"உங்க காமிராவுலதான். என்னுதுல இது விழுந்திருக்காது, சனாயே-சான்" என்றாள் சிஸுரு. இரண்டு நாள் என்ன நடந்தது, அவர்கள் எப்படி விறைத்துப்போனார்கள், குனிந்து பார்த்ததும் எப்படி மாறினார்கள் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அன்றைக்கு எழாத நாக்கு எழுந்துவிட்டது. "அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டேன். உங்ககிட்ட இருந்தது இது ஒண்ணுதான். அதத் தூக்கிக் குடுத்தீங்க, அதுவும் எனக்கு. நான் உங்களப் பாத்துத் தெரு மாறிப் போனவ. ரொம்ப நன்றி. எத்தன தடவ சொன்னாலும் போதாது."

"தெரியும்" என்றாள் சனாயே, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சிக்னல்ல நானும் பாத்தேன். நானும் திரும்பிடலாமான்னுதான் நெனச்சேன். கையில முட்ட இருந்துச்சு, ஓட முடியல."

மூன்று பேரும் சிரித்தார்கள். காமிராவை அதன் குல்லாவோடு மேஜைமேல் வைத்தாள் சிஸுரு. அதில் புதிதாக ஒரு சுருள் போட்டிருந்தாள்.

ஏப்ரலில் கண்காட்சி நடந்தது. ஏரி உருகி வேலை இல்லாத சமயமாதலால் கென்சோவும் தோகியேயும் லாரியிலேயே சப்போரோ வரை வந்தார்கள், ஒரு பெட்டி நிறையக் காய்ந்த கோமாயோடு. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய தன் முகத்துக்கு முன்னால் கென்சோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த சிறு அட்டையில், இந்தப் படங்கள் சனாயேயின் காமிராவில் எடுக்கப்பட்டவை என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத் தோகியே ஆளைத் தேடிப் பிடித்தாள்.

"நீதானா அது? இந்தா" என்று கோமாய்ப் பெட்டியை அப்படியே சனாயேயின் கையில் திணித்தாள். "மயோனீஸ்ல தொட்டுத் தின்னு. அடுத்த குளிருக்கு நீயும் வா. இவளத் தனியா விட முடியாது."

சிஸுரு மறுபடி அந்தப் பழைய மாதிரிக் காமிராவைத் தேடவில்லை. தனுகிகோஜிக் கடைக்காரரிடம் சொல்லி வைத்து, கோடையில் ஓர் இரட்டை லென்ஸ் காமிரா வாங்கினாள். மாற்றுக்கு வேறு வேண்டாமா என்று அவர் கேட்டார். கூட வருகிறவளிடம் ஒன்று இருக்கிறது என்றாள்.

அடுத்த ஜனவரியில் சனாயே ஆஸ்பத்திரியில் லீவு வாங்கிக்கொண்டு வந்தாள். கோஹெயைக் கடையில் தனியே விட்டுவிட்டு வந்தார்கள். ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவன், உலகத்தில் வேறெவனுக்கும் இப்படி நடக்காது, இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பற்றி என்னென்ன பேசப் போகிறீர்களோ என்று புலம்பினான். உன்னைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிஸுரு கேட்டதும் அவன் முகம் உண்மையிலேயே வாடிப்போனது.

குஷிரோவைத் தாண்டியதும் ஒற்றைப்பெட்டி ரயில் காட்டுக்குள் நின்றது. தண்டவாளத்தில் மான்கள். ஓட்டுநர் ஊதினார், அவை அசைவதாக இல்லை. சனாயே ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் இருந்த இரண்டு கிழவிகள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலே இவர்களிடம் ஆளுக்கொரு உருண்டை நீட்டினார்கள். சிஸுரு இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னாள். உள்ளே உப்பிட்ட சால்மன் இருந்தது. ரயில் எப்போது கிளம்பும் என்று யாரும் கேட்கவில்லை.